ஃபைபர் வந்த அன்றே வீட்டுச் சிக்னல் பெட்டி ஏன் படுத்துக்கொண்டது?

கேள்வி இதுதான். நியூ ஜெர்சியில் செங்கல் சுவர் கொண்ட ஒரு வீடு. ஜன்னல்கள் அனைத்தும் புது இரட்டைக் கண்ணாடி. வீட்டுக்குள் நுழைந்தால் செல்போனில் ஒரு கோடுகூட நிற்பதில்லை. அதனால் செல்போன் நிறுவனத்திடமே ஒரு சிக்னல் பெட்டி வாங்கி, கேபிள் இணைய ரவுட்டரில் சொருகி வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் 1 கிகாபிட் ஃபைபருக்கு மாறினார்கள். அன்று முதல் பெட்டியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, அழைப்பு வருவதில்லை. செல்போன் நிறுவனம் இணைய நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறது. இணைய நிறுவனம் செல்போன் நிறுவனத்தைக் காட்டுகிறது. "பத்து மடங்கு வேகமான இணைப்பில் பெட்டி ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பேச்சு அழைப்புக்கு, குறியாக்கத்தின் சுமையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், விநாடிக்கு 0.1 மெகாபிட் போதும். உங்கள் பழைய கேபிள் இணைப்பே அதற்கு அளவுக்கு மிஞ்சியது. நீங்கள் வேகத்தை மாற்றியதாக நினைக்கிறீர்கள். பெட்டியைப் பொறுத்தவரை, அது தன் நிறுவனத்தைச் சென்று சேரும் வழி முழுவதும் மாறிவிட்டது. ரவுட்டர் மாறியது, அதன் பாதுகாப்பு அமைப்புகள் மாறின, முகவரி கொடுக்கும் முறை மாறியது, பல வீடுகளில் பெட்டி இருந்த இடமும் மாறியது. ஆகவே என்ன கூடியது என்று பார்ப்பதைவிட என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகத் தேடுவதே விரைவில் பலன் தரும்.

அதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்த வகைப் பெட்டி என்பதில் ஐயம் இருக்கக்கூடாது. "பூஸ்டர்" என்று கடையிலும் பேச்சிலும் ஒரே பெயரில் வழங்கும் பொருள்கள் உண்மையில் இரண்டு. ஒன்று, கூரையில் ஓர் ஆன்டெனாவை வைத்து வெளியே கிடைக்கும் சிக்னலை வாங்கி, பெருக்கி, உள்ளே மற்றோர் ஆன்டெனாவில் விடும் கருவி. இதற்கு இணையமே தேவையில்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2013-இல் வகுத்த விதிப்படி இதை உங்கள் செல்போன் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவே. இந்த வகைக் கருவி இணைய மாற்றத்தன்று நின்றுபோனால், கூரையிலிருந்து இறங்கும் கேபிளைப் பாருங்கள். வீட்டுக்கான சில பூஸ்டர்களில் கேபிள் டிவிக்குப் பயன்படும் அதே ஆர்ஜி-6 கம்பிதான் ஓடுகிறது. பழைய இணைப்பைக் கழற்ற வந்தவர், இனி வேண்டாத டிவி கம்பி என்று எண்ணி அதையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்க வாய்ப்பு உண்டு. தவறு அவருடையது என்றுகூடச் சொல்ல முடியாது; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உங்கள் பெட்டி ரவுட்டரில் சொருகப்பட்டிருந்தது என்பதால் அது இரண்டாவது வகை: ஃபெம்டோசெல். இது சிக்னலைப் பெருக்குவதில்லை. இது ஒரு சின்ன டவர். தெருக்கோடியில் நிற்கும் பெரிய டவர் தன் நிறுவனத்துடன் சொந்தக் கம்பியில் பேசுவதைப் போல, இது உங்கள் வீட்டு இணையத்தின் வழியாகப் பேசுகிறது. நிறுவனம் முன்பின் அறியாத ஒரு வீட்டு இணைப்பை நம்ப முடியாது என்பதால், ஐபிசெக் என்னும் குறியாக்கப்பட்ட டனல் ஒன்றை அமைத்து, அதற்குள்தான் எல்லாப் பேச்சும் போகிறது. இந்த டனல் எழாவிட்டால், செல்போனுக்குச் சிக்னல் விடும் தன் ரேடியோவையே பெட்டி திறக்காது.

மின்சாரம் கொடுத்தது முதல் பெட்டி செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. ரவுட்டரிடம் ஐபி முகவரி கேட்கும். நிறுவனத்தின் சர்வர் எங்கே என்று, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் விசாரிக்கும். யூடிபி என்னும் அனுப்பும் முறையில், 123-ஆம் போர்ட் (ஒவ்வொரு வகைத் தொடர்புக்கும் உள்ள வாயில் எண்) வழியாக நேரத்தைச் சரிபார்க்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைத் தேடித் தன் இருப்பிடத்தை உறுதி செய்யும். பின்னர் யூடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகளில் டனல் அமைக்கும். சான்றிதழைக் காட்டித் தன்னை யாரென்று நிறுவிய பிறகு, எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியில் இயங்கலாம் என்ற கட்டளைகளைப் பெற்று ரேடியோவைத் திறக்கும். நேரம் தவறாக இருந்தால் சான்றிதழ் செல்லாது. அதனால்தான் 123-ஆம் போர்ட் அற்பமாகத் தெரிந்தாலும் அடைபட்டால் எல்லாமே நின்றுவிடும். விளக்கின் நிறங்கள் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். உங்கள் கையேட்டை எடுத்து, இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் அது நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

என் அனுபவத்தில் அதிகம் பேர் தவறவிடுவது ஜிபிஎஸ். என் வீட்டிலேயே நடந்தது. ஃபைபர் பொருத்த வந்தவர், ஒளியாக வரும் சிக்னலை மின் சிக்னலாக்கும் ஓஎன்டி பெட்டியை பேஸ்மென்டில் மாட்டி, ரவுட்டரையும் அங்கேயே வைத்து, அதுவரை மாடி ஜன்னலோரம் இருந்த சிக்னல் பெட்டியையும் ஒழுங்காகப் பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போனார். நான் இரண்டு மாலைப்பொழுதுகளை ரவுட்டரின் போர்ட் பட்டியலிலேயே செலவழித்தேன். மூன்றாம் நாள், பெட்டியின் பின்புறம் தொங்கிக்கொண்டிருந்த சின்ன ஜிபிஎஸ் ஆன்டெனாக் கம்பி கண்ணில் பட்ட பிறகுதான், மண்ணுக்கு அடியில் இருக்கும் அறையில் அது எந்த வானத்தைப் பார்க்கும் என்ற எளிய கேள்வி தோன்றியது. ஐம்பது அடி ஈத்தர்நெட் கேபிள் வாங்கிப் பெட்டியை மறுபடி மாடி ஜன்னலுக்கு ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் விளக்கு நிலையாக எரிந்தது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை நம் கைக்கு எட்டும்போது மிக மெலிந்திருக்கும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடிகள் அதை இன்னும் மெலியச் செய்கின்றன. உங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வராததற்கும் அந்தக் கண்ணாடியே பாதிக் காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் விற்கப்படும் பெட்டிகள் பெரும்பாலும் இருப்பிடம் உறுதியாகாமல் ரேடியோவைத் திறப்பதில்லை. அலைவரிசை உரிமம் இடத்தைப் பொறுத்தது. 911 அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். தவிர, வீட்டு டவர் ஒன்றின் அலைவரிசை பத்து லட்சத்தில் 0.25 பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்பது தரவரையறை; அந்தத் துல்லியத்துக்கும் பல பெட்டிகள் ஜிபிஎஸ்ஸையே கடிகாரமாக வைத்துக்கொள்கின்றன. ஆகவே, பெட்டி பழைய இடத்திலேயே இருக்கிறதா, ஜன்னலுக்கு அருகில்தான் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். இடம் மாற்றினால் முதல் தடவை ஒரு மணி நேரமாவது தொடாமல் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுப்பவர்கள், அது தொடங்கிய தேடலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள்.

பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது, ஆனாலும் சிமிட்டுகிறது என்றால், குற்றம் இணைய வழியிலா பெட்டியிலா என்று பிரித்தறிய ஒரு கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. செல்போனில் வைஃபை காலிங்கை இயக்குங்கள். பிறகு ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, யாரையாவது அழையுங்கள். வைஃபை காலிங்கில் செல்போனும் தன் நிறுவனத்துடன் ஐபிசெக் டனலைத்தான், அதே 500, 4500 போர்ட்டுகள் வழியாகத்தான் அமைக்கிறது. அழைப்பு போனால் உங்கள் ரவுட்டரும் இணைய நிறுவனமும் அந்த வழியை அடைக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்; போகாவிட்டால் வழியில்தான் தடை. பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், புதிய செல்போன் ஐபிவி6 என்னும் புதுமுறை முகவரியில் போயிருக்கலாம், பழைய பெட்டிக்கு ஐபிவி4 என்னும் பழைய முறை மட்டும் தெரிந்திருக்கலாம். இருந்தாலும், இரண்டு வாடிக்கையாளர் சேவை மையங்களுக்கு நடுவே பந்தாடப்படுவதைவிட இந்த ஐந்து நிமிடச் சோதனை மேலானது.

வழியில்தான் தடை என்று தெரிந்தால், முதலில் வீட்டில் எத்தனை ரவுட்டர்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஃபைபர் நிறுவனம் ஒரு ரவுட்டர் கொடுக்கிறது. வீட்டுக்காரர் தம் பழைய வைஃபை ரவுட்டரையும் விட மனமில்லாமல் அதன் பின்னால் சொருகுகிறார். இப்போது ஒவ்வொரு பேக்கெட்டும், அதாவது இணையத்தில் போகும் தகவல் பொட்டலமும், இரண்டு முறை முகவரி மாற்றப்பட்டு வெளியேறுகிறது. டனல் பல நேரங்களில் இதையும் தாண்டிவிடும். ஆனால் இரண்டு ரவுட்டர்களும் 192.168.1 என்றே தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால், எது உள்ளே எது வெளியே என்று உள்ளேயிருக்கும் ரவுட்டருக்கே குழப்பம் வரும். இரண்டில் ஒன்றை வெறும் வைஃபை பரப்பியாக மாற்றிவிடுங்கள், அல்லது சிக்னல் பெட்டியை முதல் ரவுட்டரிலேயே நேராகச் சொருகுங்கள். முன்பு யாராவது பெட்டிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கி வைத்திருந்தால், புது ரவுட்டரின் முகவரித் தொடர் 10.0.0 என்றோ 192.168.0 என்றோ மாறியிருக்க, பெட்டி பழைய வீட்டு எண்ணையே நம்பிக்கொண்டு நிற்கும். அதைத் தானாக முகவரி பெறும் நிலைக்குத் திருப்ப வேண்டும்.

இயன்றால் எல்லா ரவுட்டர்களையும் ஒதுக்கிவிட்டுப் பெட்டியை ஓஎன்டியிலேயே சொருகிப் பாருங்கள். சில இணைப்புகளில் முன்பிருந்த ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி விடுவிக்கப்படும்வரை புதிய கருவிக்கு முகவரி கிடைக்காது. ரவுட்டரின் பக்கத்தில் முகவரியை விடுவிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழற்றுவது நல்லது. ரவுட்டர் இல்லாமல் பெட்டி எழுந்துவிட்டால் குற்றவாளி ரவுட்டரே. உங்கள் ஃபைபர் நிறுவனம் தன் ரவுட்டர் இல்லாமல் இணைப்பே கொடுப்பதில்லை என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

ரவுட்டருக்குள் என்ன பார்ப்பது? பாதுகாப்பு நிலை உச்சத்தில் இருந்தால் ஒரு படி இறக்குங்கள். "மேம்பட்ட பாதுகாப்பு" என்ற பெயரில் புது ரவுட்டர்களில் தாமாகவே இயங்கும் வடிகட்டிகளை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் வைத்திருந்தால் பெட்டிக்கு மட்டும் அதை விலக்குங்கள். வெளியிலிருந்து வரும் தொடர்பைப் பெட்டிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கைச் செய்யச் சொல்லும் அறிவுரை எங்கும் உலவுகிறது. பெட்டிதான் உள்ளிருந்து தொடர்பைத் தொடங்குகிறதே தவிர, வெளியிலிருந்து யாரும் அதனுடன் தொடங்குவதில்லை என்பதால், பெரும்பாலான வீடுகளில் அது தேவையில்லாத வேலை. "50-ஆம் போர்ட்டைத் திறவுங்கள்" என்று சில பட்டியல்களில் இருக்கும். 50 என்பது போர்ட் அல்ல. ஐபிசெக் பயன்படுத்தும் ஒரு நெறிமுறையின் எண். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டி அதையும் 4500-க்குள் பொதிந்தே அனுப்புவதால் அந்த எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை.

டனல்களை ரவுட்டர் வழியே விடும் ஐபிசெக் பாஸ்த்ரூ என்னும் அமைப்பு இருந்தால், இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்தியும், நின்றிருந்தால் இயக்கியும் பாருங்கள். இது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல. இந்த வசதி பழைய விபிஎன்களுக்காக (வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போடும் குறியாக்க டனல்கள்) ஏற்பட்டது. சில ரவுட்டர்கள் அதை முன்னிட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டனலை மட்டும் ஒழுங்காகக் கையாளுகின்றன. வீட்டில் ஒருவர் அலுவலக விபிஎன்னில் நுழையும்போது மட்டும் பெட்டி விழுகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

இனிச் சொல்வது சற்று நுணுக்கமானது. ஆனால் ஃபைபருக்கு மாறிய வீடுகளில், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பெட்டி ஒரே கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். ஈத்தர்நெட்டில் ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். சில ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் உள்நுழைகின்றன. அது ஒவ்வொரு பேக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் மீதி 1492. இணையப் பக்கங்களுக்கும் வீடியோவுக்கும் இந்த எட்டு பைட் குறைவது தெரியவே தெரியாது, ஏனெனில் அவை தம் அளவைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. பெட்டியோ டனல் அமைக்கும்போது தன் சான்றிதழை அனுப்புகிறது. அது ஒரே பேக்கெட்டில் அடங்காத அளவுக்குப் பெரியதாக இருக்கலாம். அப்போது அது துண்டாக்கப்படும். முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும்; பின்வரும் துண்டுகளில் அது இருக்காது. துண்டான பேக்கெட்டுகளை ஐயத்துக்குரியவை என்று கருதித் தடுக்கும் ரவுட்டர், முதல் துண்டை விட்டுவிட்டு மற்றதைக் கீழே போடும். மறுமுனையில் சான்றிதழ் ஒருபோதும் முழுமை அடைவதில்லை. பெட்டி காத்திருந்து, சலித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சிறிய பேக்கெட்டுகளில் நடக்கும் முதல் உரையாடல் 500-ஆம் போர்ட்டில் நன்றாக முடிந்து, 4500-க்கு மாறிய உடனே தடுமாறுவது இதன் அடையாளம். டனல் அமைக்கும் நெறிமுறையே பெரிய செய்திகளைத் துண்டாக்கி அனுப்பும் முறை 2014-இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு இரு முனைகளும் உடன்பட வேண்டும்.

சோதிப்பது எளிது. கணினியில், வெளியே ஒரு சர்வருக்குப் பேக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை, துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு, 1472 பைட் அளவில் ஓட்டுங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து அது 1500 ஆகும். பதில் வராமல், 1464-இல் வந்தால் உங்கள் பாதையின் உச்சம் 1492. ரவுட்டரின் எம்டியூ (பேக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பையும் அதே எண்ணுக்கு மாற்றுங்கள்; துண்டான பேக்கெட்டுகளைத் தடுக்கும் தேர்வு எங்காவது இருந்தால் அதை நீக்குங்கள். இரண்டையும் செய்தபின் பெட்டியை ஒருமுறை மட்டும் மறுபடி தொடங்குங்கள்.

உங்கள் பக்கம் எல்லாம் சரி என்றால், இணைய நிறுவனம் உங்களுக்கென்று தனி வெளி முகவரி கொடுக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள். ஃபைபரில் சில நிறுவனங்களும், கம்பியில்லாமல் வரும் 5ஜி வீட்டு இணையத்தில் பலரும் இப்படிச் செய்கிறார்கள். பெட்டி எழவே எழாது என்பதல்ல. ஆனால் சில பெட்டிகள் இதில் எழுவதும் விழுவதுமாக இருக்கும். தனி முகவரி வேண்டும் என்று கேளுங்கள். சிலர் இலவசமாகவும் சிலர் மாதக் கட்டணத்துக்கும் தருகிறார்கள்.

பெட்டி எழுந்துவிடுகிறது, ஆனால் பேச்சு நடுவில் அறுகிறது என்பது வேறு நோய். சிக்னல் பெட்டியை மெஷ் வைஃபையின் (வீடெங்கும் பல பெட்டிகள் வைத்து வைஃபை பரப்பும் முறை) துணைப் பெட்டியில் சொருகியிருந்தால், அதை எடுத்து முதன்மை ரவுட்டரில் சொருகுங்கள். பேச்சுக்கு வேகத்தைவிடச் சீரான தாமதம் முக்கியம். சில நிமிடம் பேசாமல் இருந்தால் டனல் விழுகிறது என்றால், ரவுட்டர் யூடிபி தொடர்புகளை மிகச் சீக்கிரம் மறந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை, சில ரவுட்டர்களில் அது முப்பது விநாடியாக அமைந்திருக்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. அலமாரியிலிருந்து எடுத்த பழைய பெட்டியோ, யார்ட் சேலில் வாங்கியதோ 3ஜி வகையாக இருந்தால், மேலே சொன்ன எதுவும் அதை எழுப்பாது. ஏடி அண்டு டி தன் 3ஜி சேவையை 2022 பிப்ரவரியிலும், டி-மொபைல் அதே ஆண்டு ஜூலையிலும், வெரைசன் டிசம்பர் இறுதியிலும் நிறுத்திவிட்டன. இணையம் மாற்றிய காலமும் அந்தக் காலமும் ஒன்றாக அமைந்ததால், ஃபைபரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

வைஃபை காலிங் சோதனையில் அழைப்பு தெளிவாகப் போயிற்று என்றால், பெட்டியே இனி வேண்டுமா என்றும் யோசியுங்கள். எல்லோரிடமும் புதிய செல்போன் இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. வைஃபை காலிங் இல்லாத எளிய போன் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தாலோ, வைஃபை கடவுச்சொல் கேட்காமல் வந்துபோகிறவர்களின் போனும் வேலை செய்ய வேண்டும் என்றாலோ பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. எதை வைத்துக்கொண்டாலும் 911-க்காகப் பதிவு செய்த முகவரி இப்போதைய வீட்டு முகவரிதானா என்று நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். மின்சாரம் போனால் ஓஎன்டி, ரவுட்டர், பெட்டி மூன்றில் எது நின்றாலும் அழைப்பு நிற்கும். யூபிஎஸ் வைத்தால் மூன்றையும் அதிலேயே சொருகுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எழவில்லை என்றால், விளக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பிங் சோதனையில் எந்த எண் வரை பதில் வந்தது, ரவுட்டரின் வெளி முகவரியின் முதல் இரண்டு எண்கள் எவை என்று எழுதுங்கள். முழு முகவரியைப் பொதுவில் இட வேண்டாம். முதல் இரண்டு எண்களே எனக்குப் போதும்.